ஊசல் மணிக்கூடு செய்வோம், வக்தை அறிவோம்



நாற்பது வயதைத் தாண்டிய சகோதரர்களுக்கு இது நினைவிருக்கும். பள்ளிவாசலில் மிஹ்ராபுக்குப் பக்கத்துச் சுவரில் நீளமான மரப்பெட்டி ஒன்று மாட்டியிருக்கும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பித்தளைத் தட்டு இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் மோதினார் ஸ்டூல் போட்டு ஏறி, கதவைத் திறந்து சாவி கொடுப்பார். ரேடியோவில் நேரம் சொல்லும்போது முள்ளைச் சரிசெய்வார். சின்னப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்று அந்த இடத்தில் சிவப்பு எழுத்து டிஜிட்டல் பலகை இருக்கிறது. பழைய மணிக்கூடு சில ஊர்களில் ஜனாஸா சாமான் வைக்கும் அறையில் கிடக்கிறது, சில ஊர்களில் பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போய்விட்டது. டிஜிட்டல் பலகையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நேரம் காட்டுவதில் அது பழையதைவிடத் துல்லியமானதுதான். ஆனால் அதைத் திறந்து பார்த்தால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. ஊசல் மணிக்கூடு அப்படியல்ல. அதில் நடப்பது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். கொஞ்சம் பொறுமையும் ஒரு சிறிய பட்டறையும் இருந்தால் வீட்டிலேயே ஒன்றைச் செய்துவிடலாம்.

"போனிலேயே மணி தெரியுதே வாப்பா, இது எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கட்டுரையை முழுவதும் படித்தால் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வோம்

நம் சமுதாய மேடைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் ஒன்று அடிக்கடி சொல்லப்படுகிறது: ஊசலைக் கண்டுபிடித்தவர் கலிலியோ அல்ல, அவருக்கு அறுநூறு ஆண்டுக்கு முன்பே கெய்ரோவில் வாழ்ந்த இப்னு யூனுஸ் என்ற முஸ்லிம் விஞ்ஞானி என்று. இது சரியல்ல. இப்னு யூனுஸ் மாபெரும் வானியல் அறிஞர், அதில் சந்தேகமில்லை. 1009ல் மறைந்த அவருடைய ஹாகிமி அட்டவணைகள் பிற்கால ஐரோப்பியருக்கும் பயன்பட்டன. ஆனால் ஊசலைப் பற்றி அவர் எழுதியதாக எந்தச் சுவடியும் இல்லை. 1684ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எட்வர்ட் பெர்னார்ட் என்ற ஆங்கிலேயர் எழுதியதிலிருந்து கிளம்பிய கதை இது. பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே போனார்கள். இஸ்லாமிய வானியல் சுவடிகளை ஆராய்ந்த டேவிட் கிங் 1979ல் இதை விளக்கமாக எழுதி முடித்துவைத்தார். நம்மவர்களிடம் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இல்லாததைச் சொல்லிப் பெருமைப்பட வேண்டிய நிலையில் நாம் இல்லை. இருப்பதே போதுமானது. 1206ல் அல்ஜஸரி, தியார்பக்கிரில் அர்துகிய அரசர்களிடம் பணியாற்றிய பொறியாளர், தாம் செய்த கருவிகளைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். துபாயில் இப்னு பதூதா மாலுக்குப் போயிருக்கும் சபராளிகள் யானை மணிக்கூட்டின் மாதிரியைப் பார்த்திருப்பார்கள். அது அவருடையதுதான். அவை தண்ணீரால் ஓடியவை, ஊசலால் அல்ல. ஆனால் அவர் எழுதிய முறை இன்றைய பட்டறைக்காரருக்கும் பாடமாக இருக்கும். மரம் வளையாமல் இருக்கப் பல அடுக்குகளாக ஒட்டிப் பயன்படுத்துவது, முதலில் காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்ப்பது, சக்கரத்தை ஓட்டும் முன் எந்தப் பக்கம் கனம் என்று பார்த்துச் சமன் செய்வது என்று எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். இந்த மூன்றையும் நாமும் கீழே செய்யப்போகிறோம்.

அவருக்கு முந்நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு, 1559ல், தகியுத்தீன் என்ற உஸ்மானிய அறிஞர் எடைக்கல்லாலும் சுருள்வில்லாலும் ஓடும் இயந்திர மணிக்கூடுகளைப் பற்றி அரபியில் தனி நூலே எழுதினார். இஸ்தான்புல்லில் அவர் கட்டிய வானாய்வுக் கூடம் 1580ல் இடிக்கப்பட்டது வருத்தமான வரலாறு. அவருடைய மணிக்கூட்டிலும் ஊசல் கிடையாது.

ஊசலை மணிக்கூட்டில் பொருத்தும் யோசனை கலிலியோவுக்குக் கடைசிக் காலத்தில் வந்தது. அப்போது அவருக்குப் பார்வை போயிருந்தது. மகனை வைத்துப் படம் வரையச் செய்தார், செய்து முடிக்கும் முன் 1642ல் இறந்துபோனார். 1656ல் நெதர்லாந்தின் கிறிஸ்தியான் ஹைகன்ஸ்தான் அதை ஓடும் மணிக்கூடாக ஆக்கினார். அதுவரை ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பிசகிய மணிக்கூடுகள் ஒரு நிமிடத்துக்குள் வந்தன.

காரைக்காலில் ஊசலின் நீளம் என்ன?

ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அதன் நீளமும் அந்த ஊரின் புவியீர்ப்பும் முடிவுசெய்கின்றன. குண்டின் கனம் ஒன்றும் செய்யாது. கால் கிலோ தொங்கினாலும் இரண்டு கிலோ தொங்கினாலும் ஒரே நேரம்தான்.

ஊருக்கு ஊர் புவியீர்ப்பு மாறுமா? மாறும். பூமி துருவத்தில் சற்றுத் தட்டையாகவும் நடுவில் சற்றுப் பருத்தும் இருக்கிறது, சுற்றவும் செய்கிறது. ஆகவே பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க ஈர்ப்பு குறையும். இதை முதலில் கவனித்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். 1672ல் ஜான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவின் கயென் என்ற ஊருக்கு ஊசல் மணிக்கூட்டைக் கொண்டுபோனார். பாரிஸில் சரியாக ஓடியது அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் குறைத்த பிறகுதான் சரியானது. பூமி முழு உருண்டை இல்லை என்பதற்கு நியூட்டன் காட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று.

நம் ஊருக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மண்டபத்தூர், காரைக்கால் எல்லாம் வடக்கு அட்சம் 11 டிகிரிக்குச் சற்றுக் குறைவில் இருக்கின்றன. இங்கே ஒரு நொடிக்கு ஒரு தடவை 'டிக்' என்று சொல்லும் ஊசலின் நீளம் 99.11 சென்டிமீட்டர். பாரிஸில் அதே ஊசல் 99.39 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 1739ல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலைக் கைப்பற்றிய பிறகு, பாரிஸில் சரிபார்த்த ஒரு மணிக்கூட்டை இங்கே கொண்டுவந்து அப்படியே மாட்டியிருந்தால் ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடம் பிந்தியிருக்கும். வெளிநாட்டுப் பழைய மணிக்கூடு வாங்கியவர்கள் "என்ன செய்தாலும் பிந்துகிறது" என்று அலுத்துக்கொண்டால், ஊசலின் அடியிலுள்ள திருகாணியைச் சிறிது மேலே ஏற்றச் சொல்லுங்கள். பாதிப் பேருடைய பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

சென்னையில் இந்த அளவை முறையாக எடுத்திருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய மெட்ராஸ் வானாய்வுக் கூடத்தில் ஜான் கோல்டிங்ஹாம் 1821ல் ஊசலின் நீளத்தை அளந்தார். அந்தக் கூடத்துக்கு 1792ல் நட்ட கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. தமிழ், தெலுங்கு, பாரசீக எழுத்து எல்லாம் அதில் உண்டு. ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக நடப்பட்டது பிரிட்டிஷாரின் தயாளத்தால் என்பது அதில் பொறித்ததன் சாரம். சமர்கந்தில் உலூக் பேக் வானாய்வுக் கூடம் கட்டி அப்போதே முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது! வீண் பெருமை நம்மிடம் மட்டும் இருக்கிற நோய் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அந்தக் கூடத்தில் பயன்பட்ட, லண்டன் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் மணிக்கூடு பிறகு கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்குப் போனது. கேப்டன் குக் தன் பயணங்களில் கொண்டுபோன மணிக்கூட்டைப் போன்றதே அது. இன்றும் ஓடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு எடைக்கல், அதைக் கட்டிய கயிறு, கயிறு சுற்றிய உருளை, உருளையிலிருந்து பல்சக்கரங்கள், கடைசியில் ஊசல். எடைக்கல் கீழே இறங்கப் பார்க்கிறது. தடையில்லாமல் விட்டால் சக்கரங்கள் விர்ரென்று சுற்றி ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதைத் தடுத்து, ஊசல் அனுமதிக்கும்போது மட்டும் ஒரு பல் நகர விடுவதுதான் எஸ்கேப்மென்ட் என்ற அமைப்பு. நங்கூரம் போல இரண்டு கொக்கிகள் உள்ள ஒரு துண்டு. ஆங்கிலத்திலும் அதற்கு நங்கூரம் என்றுதான் பெயர். கடைசிச் சக்கரத்தின் பல் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். ஊசல் ஆடும்போது கொக்கி விலகும், பல் தப்பும், அதற்குள் மறுபக்கக் கொக்கி வேறொரு பல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தட்டல்தான் டிக், அடுத்தது டாக். பல் தப்பிப்போகும்போது கொக்கியை லேசாகத் தள்ளிவிட்டுப் போகிறது. காற்றின் தடையால் ஊசல் இழக்கும் சக்தி அந்தத் தள்ளலில் திரும்பக் கிடைக்கிறது. ஊஞ்சலில் பிள்ளையை ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டு அனுப்புவது போல.

கணக்கு அழகானது. கடைசிச் சக்கரத்துக்கு 30 பல். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு டிக், ஒரு டாக். ஆக ஒரு சுற்றுக்கு 60 நொடி. அதன் அச்சில் ஒரு முள்ளை மாட்டினால் அதுவே நொடிமுள். நிமிடமுள் ஒரு மணிக்கு ஒரு சுற்றுப் போக வேண்டும், அதாவது 60 மடங்கு மெதுவாக. நடுச்சக்கரத்துக்கு 64 பல், அது 8 பல் உள்ள சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது: 8 மடங்கு. அந்த அச்சில் உள்ள 60 பல் சக்கரம் இன்னொரு 8 பல் சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது: ஏழரை மடங்கு. எட்டையும் ஏழரையையும் பெருக்கினால் 60. உருளையோடு சேர்ந்த பெரிய சக்கரத்துக்கு 96 பல், அது நடுச்சக்கரத்தின் 8 பல்லைச் சுற்றுவதால் 12 மணிக்கு ஒரு சுற்று. மணிமுள்ளுக்குத் தனியாக 12க்கு 1 என்ற கணக்கில் முகப்புக்குப் பின்னால் நான்கு சக்கரங்கள்: 36 பல் இன்னொரு 36ஐச் சுற்றும், அதோடு ஒட்டிய 6 பல் 72ஐச் சுற்றும். ஏழாம் வகுப்பு பின்னக் கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இது புரியும். புரியாத பிள்ளைக்கும் சக்கரத்தைக் கையில் கொடுத்தால் புரிந்துவிடும்.

வீட்டில் செய்வது எப்படி

முதல் மணிக்கூட்டைப் பித்தளையில் தொடங்க வேண்டாம். பல் வெட்டும் கட்டர், பிரிக்கும் தட்டு, லேத் எல்லாம் தேவைப்படும், செலவும் அதிகம். 6 மில்லிமீட்டர் நல்ல பிளைவுட் போதும். பிளைவுட் என்பதே அல்ஜஸரி சொன்ன அடுக்கு ஒட்டு முறைதான். ஒரே பலகையில் வெட்டிய சக்கரம் ஐப்பசி மழைக்கு ஒரு வடிவம், சித்திரை வெயிலுக்கு ஒரு வடிவம் என்று மாறும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம்.

சக்கரத்தின் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அதே அளவில் அச்சிட்டு, பிளைவுட்டில் ஒட்டி, நூல் போன்ற மெல்லிய பிளேடு உள்ள ரம்பத்தால் வெட்டுங்கள். நடுத்துளையைப் பல் வெட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு போட்டால் மையம் தவறும். அச்சிட்ட பிறகு ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கவும். பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு இரண்டு சதவீதம் சுருக்கிவிடும். அதைப் பார்க்காமல் மூன்று சக்கரம் வெட்டித் தூக்கிப்போட்டவன் நான்.

சிறு சக்கரத்துக்கு 8 பல்லை மரத்தில் வெட்டினால் உடைந்துவிடும். அதற்குக் கூண்டு முறை இருக்கிறது. இரண்டு சிறிய வட்டத் தட்டுகளுக்கு நடுவே எட்டு இரும்புக் கம்பிகளை வட்டமாக நிறுத்துவது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி 2 மில்லிமீட்டர் தடிமன், நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும். அந்தக் கம்பிக்கு ஏற்றபடி பல்லின் அளவை வைத்தால் 64 பல் சக்கரம் சுமார் 13 சென்டிமீட்டர் விட்டமும், 96 பல் சக்கரம் சுமார் 19 சென்டிமீட்டர் விட்டமும் வரும். சுவரில் மாட்டப் பொருத்தமான அளவு.

சக்கரத்தை அச்சில் கோத்ததும் இரண்டு முனையையும் இரண்டு கத்தி விளிம்பின் மேல் வைத்து உருளவிடுங்கள். ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம், பின்புறம் கொஞ்சம் குடைந்து எடுக்கவும். இதுவும் எண்ணூறு ஆண்டு பழைய பாடம்தான்.

எடைக்கல்லுக்கு நாலு அங்குலப் பிவிசி குழாயில் முக்கால் அடி உயரத்துக்குக் காங்கிரீட் ஊற்றினால் சுமார் நாலு கிலோ. உருளை 5 சென்டிமீட்டர் விட்டம் என்றால் ஒரு சுற்றுக்குப் பதினாறு சென்டிமீட்டர் கயிறு இறங்கும், அது 12 மணி நேரத்துக்கு. ஒன்றரை மீட்டர் இறங்க இடமிருந்தால் ஒரு தடவை சாவி கொடுத்து நாலரை நாள் ஓட்டலாம். அந்த நாலு கிலோ ஒன்றரை மீட்டர் இறங்குவதில் இருக்கும் சக்தி எவ்வளவு தெரியுமா? வீட்டு 9 வாட் எல்இடி பல்பை ஆறரை நொடி எரிக்கும் சக்தி. அவ்வளவுதான். அதை வைத்து நாலரை நாள் ஓடுகிறது என்றால் உராய்வு எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்று பாருங்கள். ஒரு பல் லேசாக முரண்டு பிடித்தாலும் மணிக்கூடு நிற்கும். செய்கிறவர்களின் பொறுமை சோதிக்கப்படும் இடம் இதுதான். ஓட மறுத்தால் எடையைக் கூட்டாதீர்கள். எங்கே உரசுகிறது என்று தேடுங்கள். பல்லின் ஓரத்தில் கரிப்பொடி தடவிச் சுற்றிப் பார்த்தால் உரசும் இடம் தெரியும்.

நங்கூரத் துண்டையும் 30 பல் சக்கரத்தையும் மட்டும் மரத்தில் செய்ய வேண்டாம். பல் சக்கரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைத் தகடு, நங்கூரத்துக்கு எஃகு. பல்லுக்குப் பல் 12 டிகிரி, துல்லியமாக இருக்க வேண்டும். நங்கூரத்தின் இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே ஏழரைப் பல் இடைவெளி. அந்த 'அரை' மிக முக்கியம். முழு எண்ணாக வைத்தால் இரண்டு கொக்கியும் ஒரே நேரத்தில் மாட்டும், அல்லது இரண்டும் சேர்ந்து விடும். கொக்கியின் முகத்தை மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்ற வேண்டும். காரைக்காலில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் லேத் பட்டறைகளில் அச்சு முனைகளைக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். பித்தளையில் முழுதாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கு, குத்துவிளக்கு வார்க்கும் நாச்சியார்கோவில் தொலைவில் இல்லை.

ஊசல் தண்டுக்குத் தேக்குக் குச்சிதான் என் சிபாரிசு. எஃகுத் தண்டு ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் நாளுக்கு அரை நொடி பிந்தும், பித்தளைத் தண்டு முக்கால் நொடிக்கு மேல். நேரான நார் ஓட்டமுள்ள மரம் இதில் பாதிகூட நீளாது. ஆனால் மரத்துக்கு எதிரி ஈரக்காற்று. ஆகவே நன்றாகக் காய்ந்த குச்சிக்கு மூன்று கை வார்னிஷ், முனைகளுக்கும் சேர்த்து. குண்டுக்கு ஈயம் உருக்க வேண்டாம். அந்தப் புகை பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகாது. வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை ஒரு பித்தளைக் குழாயில் இறுக்கி அடைத்து இருபுறமும் மூடினால் போதும், பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவவும். மேலே தொங்கவிட, மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகட்டில் 0.1 மில்லிமீட்டர் தகடு ஒன்று பொருத்தமாக இருக்கும்.

எண்ணெய் விஷயம். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். சில மாதத்தில் பிசினாகிவிடும். நல்ல மணிக்கூட்டு எண்ணெய் ஒரு சொட்டு, அச்சு முனைகளிலும் நங்கூரத்தின் முகத்திலும் மட்டும். சக்கரப் பற்களுக்கு எண்ணெய் கூடவே கூடாது, தூசியைப் பிடித்து அரைக்கும் கல்லாக மாறிவிடும்.

காதால் சரிசெய்வது

ஓட ஆரம்பித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். டிக்... டாக்... டிக்... டாக்... இடைவெளி சமமாக இருக்க வேண்டும். டிக்-டாக்... டிக்-டாக்... என்று நொண்டினால், மணிக்கூடு சாய்ந்து தொங்குகிறது அல்லது நங்கூரத்தையும் ஊசலையும் இணைக்கும் கவைக்கம்பி வளைந்திருக்கிறது. பெட்டியைச் சிறிது நகர்த்தியோ கம்பியை ஒரு மயிரிழை வளைத்தோ சரிசெய்யலாம். "ரிப்பேர்" என்று பரணில் போட்ட பாட்டன் காலத்து மணிக்கூடுகளில் பல, வீடு மாறும்போது ஊசலைக் கழற்றாமல் தூக்கிவந்ததால் இப்படி நொண்டி நின்றவைதான். திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பிறகு நேரம் பிடிப்பது. இங்கே அவசரப்பட்டால் கெட்டுவிடும். இஷா தொழுதுவிட்டு வந்ததும் தினமும் ஒரே நேரத்தில் போனோடு ஒப்பிட்டு, எத்தனை நொடி முந்தியது, பிந்தியது என்று நோட்டில் எழுதுங்கள். மூன்று நாளாவது கையை வைக்காமல் எழுதிவிட்டுப் பிறகு திருகாணியைத் தொடுங்கள். குண்டை ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் நாளுக்குச் சுமார் 44 நொடி முந்தும். கடைசிச் சில நொடிகளுக்குத் திருகாணி ஆகாது. குண்டின் மேல் ஒரு காசை வையுங்கள். ஊசலின் கனமையம் கொஞ்சம் மேலே ஏறி வேகம் கூடும். லண்டன் பிக் பென் மணிக்கூட்டையே அப்படித்தான் சரிசெய்கிறார்கள், பழைய பென்னிக் காசுகளை அடுக்கி. ஒரு காசுக்கு நாளுக்கு 0.4 நொடி.

ஊசல் அகலமாக ஆடக்கூடாது என்பதையும் கவனியுங்கள். சிறிய ஆட்டமோ பெரிய ஆட்டமோ ஒரே நேரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது ஏறத்தாழத்தான் உண்மை. நடுவிலிருந்து 2 டிகிரி ஆடும் ஊசல் 4 டிகிரிக்குப் போனால் நாளுக்கு இருபது நொடி பிந்தும். மின்விசிறிக் காற்றுப் படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

நன்றாகச் செய்த மர மணிக்கூடு நாளுக்குப் பத்து நொடிக்குள் நின்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லலாம். ஆனால் அந்தப் பத்து நொடியையே நினைத்துப் பாருங்கள். ரமலான் முதல் பிறையில் சரியாக வைத்த மணிக்கூடு கடைசி நோன்பன்று ஐந்து நிமிடம் தவறியிருக்கும். பிந்தினால் சுபுஹ் வந்த பிறகும் சஹர் சாப்பிட்டுக்கொண்டிருப்போம். முந்தினால் சூரியன் மறையும் முன் நோன்பு திறந்துவிடுவோம். மோதினார் ரேடியோ கேட்டு முள்ளைச் சரிசெய்தது அதற்காகத்தான். வீட்டில் செய்ததை வைத்து நோன்பு திறக்க வேண்டாம், பள்ளியின் பாங்குக்குக் காத்திருங்கள்.

மணிக்கூடு சரி, சூரியன்?

தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்று அன்னிஸா அத்தியாயத்தின் 103ஆம் வசனம் சொல்கிறது. அந்தக் குறிப்பு மணிக்கூட்டில் இல்லை, சூரியனில் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஊசல் மணிக்கூட்டை விட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்தூர் கடற்கரையில் சமமான மணலில் ஒரு நேர்க்குச்சியை நடுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரம் நம் ஊரின் உச்சிப்பொழுது. அது 12 மணிக்கு வராது. இந்திய நேரம் கிழக்கு 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் அதற்கு மேற்கே கிட்டத்தட்ட 80 டிகிரியில் இருக்கிறோம். சூரியன் ஒரு டிகிரி கடக்க நாலு நிமிடம். ஆகவே நமக்குச் சராசரியாக 12 மணி 10½ நிமிடத்துக்குத்தான் உச்சி. அந்தச் சராசரியும் நிற்பதில்லை. பூமி சூரியனைச் சுற்றும் பாதை நீள்வட்டம், அதன் அச்சும் சாய்ந்தது. அதனால் பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் உச்சி 12.25க்கு வரும், நவம்பர் முதல் வாரத்தில் 11.54க்கே வந்துவிடும். அரை மணி நேர வித்தியாசம். லுஹர் வக்து அட்டவணையில் மாதத்துக்கு மாதம் ஏன் நகர்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதுதான் விடை. ஊசல் ஒரே சீராக ஆடுகிறது, சூரியன் அப்படி வருவதில்லை.

ஏப்ரல் 18ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அன்று உச்சியில் குச்சிக்கு நிழலே இருக்காது. அன்றைக்கு ஷாஃபி மத்ஹபின்படி அஸர் நுழைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குச்சியின் நிழல் குச்சியின் நீளத்துக்குச் சமமாகும் நொடி, உச்சியிலிருந்து மூன்று மணி மூன்று நிமிடம் கழித்து வரும். ஹனஃபிகளுக்கு நிழல் இரு மடங்காகும் வரை. மற்ற நாட்களில் உச்சி நேரத்து நிழலை இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். மஃரிபைக் கண்ணால் பார்ப்பதுதான் நமக்குக் கஷ்டம். கடலில் உதிப்பது தெரியும், மறைவது தென்னைமரங்களுக்குப் பின்னால் போய்விடுகிறது.

இந்தக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற பொறுப்பாளர் இருந்தார். திமஷ்க் உமய்யா பள்ளியின் முவக்கித் இப்னு ஷாதிர் 1371ல் மினாராவில் வைத்த சூரியக் கடிகாரம் வரலாற்றில் பெயர் பெற்றது. உஸ்மானியர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். சூரியன் மறையும்போது மணி 12 என்று தினமும் முள்ளைத் திருப்பிவைப்பார்கள். மணிக்கூட்டைச் சூரியனுக்குக் கீழ்ப்படியச் செய்த ஏற்பாடு அது. பிரெஞ்சுக்காரர் லெ ஜாந்தி, வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதை அளக்க ஊரைவிட்டுக் கிளம்பிப் பல வருடம் அலைந்து, பாண்டிச்சேரியில் எல்லாக் கருவிகளையும் ஏற்பாட்டையும் தயாராக வைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் வந்து மூடிவிட்டது. இந்தக் கடற்கரையின் வானத்தை நம்பிக் குச்சி நடுகிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மணிக்கூடு இன்னும் எடைக்குப் போகாமல் இருந்தால், ஜமாஅத் நிர்வாகிகளிடம் முறைப்படி கேட்டு அதைத் திறந்து பாருங்கள். பள்ளிச் சொத்து என்பதால் அனுமதி எழுத்தில் இருப்பது நல்லது. பெரும்பாலும் தூசியும் காய்ந்த எண்ணெயும்தான் இருக்கும். சுருள்வில் உள்ள மணிக்கூடு என்றால் வில்லின் இறுக்கத்தை முழுதாக விடுவிக்காமல் ஒரு திருகாணியையும் கழற்றக்கூடாது, விரலைப் பதம் பார்த்துவிடும். எடைக்கல்லில் ஓடுவதாக இருந்தால் அந்தப் பயம் இல்லை. முதலில் ஊசலைக் கழற்றுங்கள், பிறகு எடைக்கல்லை, பிறகுதான் பெட்டியைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும். எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு படிக்கும் போனில் ஒரு படம் எடுத்துவைக்கப் பிள்ளையை நிறுத்துங்கள்.